பிசுக்கின் ஒன்றரை வினாடி

நான் செய்த தவறுகளில் ஒன்றே ஒன்றுதான் அரசாங்கக் கோப்பில் ஏறியிருக்கிறது. அதற்கு எனக்குச் சால்வை வேறு போர்த்தினார்கள். மற்ற தவறுகளுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதையே போதும்.

என் பெயர் ஜெயசீலன். சாலிகிராமத்தில் டப்பிங் தியேட்டர்கள் தெருவுக்கு நான்காக இருந்த காலத்தில் சவுண்ட் இன்ஜினியராக இருந்தேன். இப்போது குரல்களை இயந்திரமே செய்துகொள்வதால், கல்யாண மண்டபங்களில் மைக் பார்க்கிறேன். நாதஸ்வரக்காரர்களின் சாபத்தை இயந்திரத்தால் வாங்க முடியாது என்பதால் அந்த வேலை மட்டும் மிச்சமிருக்கிறது.

இதில் முதலில் வரவேண்டியவள் என் மகள் இதழினி. வயது பதினொன்று. மூன்று வயதில் அவளைப் பள்ளியில் சேர்த்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் போலவே அவளுக்கும் காதுமணி கொடுத்தார்கள். மிளகு அளவுதான் இருக்கும். காதுக்குள் வைத்துவிட்டால், பிள்ளை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று இனிமையான குரலில் சொல்லிக்கொண்டே இருக்கும். சாலையைப் பார்த்துக் கட, பென்சிலைப் பகிர்ந்துகொள், மாமாவுக்கு வணக்கம் சொல். எங்கள் வீட்டில் அடம் கிடையாது, சிணுங்கல் கிடையாது, பாகற்காய்கூட மிஞ்சாது. விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள், "எப்படித்தான் வளத்தீங்களோ!" என்று கேட்பார்கள். வளர்த்தது மிளகு என்று சொல்லாமல் நானும் என் மனைவி சுகந்தியும் பூரித்து நிற்போம்.

போன சித்திரையில் ஒரு மதியம் அந்த மிளகு பழுதாகிவிட்டது. பள்ளி வாசலில் ஓர் ஆட்டோக்காரர் வேறு யாரோ பிள்ளை என்று நினைத்து, "ஏறு பாப்பா" என்றிருக்கிறார். ஏறிவிட்டாள். போரூர் வரை போன பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நல்ல மனிதர். நேராகக் காவல் நிலையத்தில் கொண்டுவந்து உட்காரவைத்து, நான் வரும்வரை பக்கத்திலேயே இருந்தார். 

"ஏம்மா ஏறின? அவர் யாருன்னே தெரியாதே?"

இதழினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏறுன்னு சொன்னாங்கப்பா."

அவ்வளவுதான் அவளுடைய பதில். வேறு ஒருவன் சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பாள். அதற்குப் பிறகு பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுகந்திதான் டாக்டர் நஸ்ரினைக் கண்டுபிடித்தாள். காதுமணியோடு வளர்ந்த பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே எழும்பூரில் ஒரு மையம் நடத்துகிறவர். இதழினியோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு எங்களைத் தனியே அழைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். உங்க பொண்ணு நல்ல பொண்ணு இல்ல. சொன்னதச் செய்யற பொண்ணு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

"அப்ப காதுமணியக் கழட்டிடலாமா?"

"கழட்டினா வேற யார் சொல்றாங்களோ அதச் செய்வா. ஆட்டோவுல பாத்தீங்கல்ல? இவ மூணு வயசுலேர்ந்து ஒருவாட்டிகூட 'மாட்டேன்'னு சொன்னதில்ல. சொல்லிப் பழகணும். அதுக்கு யாராவது இவகிட்ட தப்பா ஒண்ணு சொல்லணும். இவ அத மறுக்கணும்."

"தப்புத் தப்பா சொல்ல நாங்க ரெண்டு பேர் வீட்லயே இருக்கோமே டாக்டர்."

அவர் சிரித்தார். "நீங்க சொன்னா நல்லதுன்னு நெனச்சு செஞ்சிடுவா. பாத்த உடனே இவன் கெட்டவன்னு தெரியணும். ஆனா பயமுறுத்தக் கூடாது. அந்த மாதிரி ஒருத்தன ஒரு நிறுவனம் பழைய கார்ட்டூன்லேர்ந்து புடிச்சிருக்கு. அந்தப் பழைய பதிவுகளக் கேட்டு இவன் பேச்ச இயந்திரம் கத்துக்கிச்சு. தினம் ஒரு மணி நேரம் நல்ல குரல நிறுத்திட்டு இவன் பேசுவான். ஹோம்வொர்க்கக் காப்பியடி, அம்மா பையிலேர்ந்து சாக்லெட் எடுன்னு ஏத்திவிடுவான். பதினஞ்சு மொழியில பரிசோதனை நடக்குது."

படத்தைக் காட்டினார். மை கொட்டியது போன்ற உடம்பு, பாதி உடைந்த ஒற்றைக் கொம்பு, எப்போதும் சளி பிடித்தது போல ஒரு மூக்கு. பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது.

அது பிசுக்கு.

இருபத்தைந்து வருடத்துக்கு முன், நான் ஒலிப்பதிவு செய்த ஒரு வெளிநாட்டு முயல் தொடரில் வருகிறவன். கதாநாயகன் துள்ளு என்ற முயல். அவன் நல்லது செய்யப் போகும்போதெல்லாம் பிசுக்கு தோளில் வந்து உட்கார்ந்து, அரை நிமிடம் கெட்ட யோசனை சொல்லிவிட்டு மறைந்துவிடுவான். அவ்வளவுதான் அவன் பங்கு. எந்தப் பிள்ளையின் டிபன் பாக்ஸிலும் அவன் படம் இருந்ததில்லை. தமிழில் அவனுக்குக் குரல் கொடுத்தது பிலோமினா அக்கா. தொடரின் பெயர்ப் பட்டியலில் டீ கொடுத்தவர் பெயர்கூட வந்தது, அக்கா பெயர் வரவில்லை.

பழுது பார்த்த அதே மிளகுக்குள் பிசுக்கு எங்கள் வீட்டுக்குக் குடிவந்தான். முதல் வாரம் இதழினி அவன் சொன்னதையெல்லாம் செய்தாள். சுகந்தியின் கைப்பையில் சாக்லெட் தங்கவில்லை. என் சட்டையில் மீசை வைத்த ஆள் ஒருவர் ஸ்கெட்ச் பேனாவால் வந்து சேர்ந்தார். எனக்குக் கவலை. டாக்டர் மட்டும் தைரியமாக இருந்தார்.

"பொறுங்க சார். தமிழ்ல மட்டும் ஏதோ நடக்குது. மத்த மொழிகள்ல பிள்ளைங்க நல்ல குரல் சொன்னதச் செஞ்ச மாதிரியே இவன் சொன்னதையும் செஞ்சுட்டே போறாங்க. ஒரு ஸ்கூல்ல முப்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல செருப்ப தண்ணித் தொட்டியில போட்டாங்க. ஆனா நம்ம பிள்ளைங்க மூணாவது வாரம் ஆச்சுன்னா நின்னு யோசிக்கறாங்க."

"ஏன்?"

"தமிழ்ப் பிசுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் கடைசியில ஒண்ணு சொல்றான். 'வேணாம்னா விடு, உன் இஷ்டம்'னு. மூலத்துல அந்த வரியே கிடையாது. இந்தப் பிள்ளைங்க வாழ்க்கையில யாருமே இவங்ககிட்ட உன் இஷ்டம்னு சொன்னதில்ல சார். அந்த வார்த்தையக் கேட்டதும் ஒரு கதவு திறக்குது. அத எழுதினவரக் கண்டுபிடிச்சா கால்ல விழுவேன்."

நான் மேசையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரி எதனால் வந்தது என்று முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். சொல்லவில்லை.

நடந்தது இதுதான். அந்தப் படம் வினாடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம் ஓட வேண்டியது. நான் இருபத்துநான்கில் வைத்துவிட்டேன். ஒருநாள் முழுக்க படம் கொஞ்சம் மெதுவாகவே ஓடியிருக்கிறது. அக்கா எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசி முடித்த பிறகும் திரையில் பிசுக்கின் வாய் ஒன்றரை வினாடி ஆடிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடிக்கு இந்தப்பக்கமிருந்து, "அக்கா, வாய் இன்னும் ஆடுது, ஏதாவது போடுங்க!" என்று கத்தினேன். அக்கா போட்டார். "வேணாம்னா விடு, உன் இஷ்டம்." அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. பாகத்துக்கு அரை நிமிடம்தான் என்பதால் ஐம்பத்திரண்டையும் அன்றே முடித்தோம்; எல்லாவற்றிலும் அதையே போட்டார்.

சாயங்காலம்தான் என் தவறு எனக்குத் தெரிந்தது. அக்கா அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார். முதலாளிக்குத் தெரிந்தால் என் சீட்டு கிழிந்துவிடும். மறுநாள் படத்தைச் சரியான வேகத்தில் ஓட்டி ஒலியைச் சேர்த்தபோது, அந்த உபரி வரி பிசுக்கு மறைந்த பிறகு, துள்ளு தனியாக நின்று யோசிக்கும் முகத்தின்மேல் போய் விழுந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. அப்படியே விட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இதற்கிடையில் பிலோமினா அக்காவைப் பத்திரிகைகள் கண்டுபிடித்துவிட்டன. அறுபத்து நான்கு வயதில் முதல்முறையாக அவர் பெயர் அச்சில் வந்தது. வளசரவாக்கத்து மாதா கோயிலில் பொன்னாடை போர்த்தினார்கள். பேட்டியில் அக்கா, "அன்னைக்கி மைக் முன்னாடி நிக்கும்போது, இதக் கேக்கப்போற புள்ளைங்க முகமெல்லாம் என் கண்ணு முன்னாடி வந்துச்சு. அதனாலதான் வேணும்னே அந்த வரிய சேத்தேன்" என்று சொல்லியிருந்தார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று அவர் கண் முன்னால் வந்தது நாலு மணி பஸ் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் புகைப்படத்தில் அக்கா சிரித்த சிரிப்பைப் பார்த்து, நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

நிறுவனத்துக்கு மட்டும் இதில் மகிழ்ச்சியில்லை. தமிழ்ப் பிசுக்கின் தூண்டும் திறன் மற்ற மொழிகளில் இருப்பதில் பாதிகூட இல்லை என்று அந்த வரியை நீக்க முடிவெடுத்தார்கள். டாக்டர் நஸ்ரின் எதிர்த்தார். விவகாரம் குழந்தைக் கருவிகளுக்கான ஒழுங்குமுறைக் குழுவிடம் போயிற்று. விதி எளிமையானது. எல்லா மொழியிலும் கருவி ஒன்றுபோல இருக்க வேண்டும். மூலத்தில் இல்லாத வரியை உருவாக்கியவர் அறிந்தே சேர்த்திருந்தால் அதை வைத்து ஆராயலாம். கைப்பிழையாக வந்திருந்தால் நீக்கிவிட வேண்டும். சாட்சிகள் இரண்டு பேர், அக்காவும் நானும்.

விசாரணைக்கு நான்கு நாள் முன்பு ஒன்று நடந்தது. அன்று பள்ளி அரைநாள்தான்; மண்டபத்தில் முகூர்த்தம் தள்ளிப்போனதால், தெரிந்த ஓர் ஆட்டோக்காரரைப் பள்ளிக்கு அனுப்பினேன். அரைமணி நேரத்தில் அவரே போன் செய்தார்.

"சார், பாப்பா ஏற மாட்டேங்குது. உங்க பேரு, வீட்டம்மா பேரு, தெருப் பேரு எல்லாம் சொல்லிட்டேன். 'எங்கப்பா சொல்லணும், இல்லாட்டி மாட்டேன்'னு வாட்ச்மேன் பக்கத்துல போய் நின்னுக்கிச்சு. எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க சார்!"

நான் மைக் ஆனில் இருப்பதை மறந்து "ஆஹா!" என்று கத்தினேன். தாலி கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். பாதியில் வேலையை விட்டுவிட்டு ஓடினேன். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்ற என் மகளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று ஆட்டோக்காரருக்கு இரண்டு மடங்கு வாடகையும் ஒரு பிரியாணியும்.

அந்த ஒரு வரி போனால், அடுத்து வரும் ஆயிரம் இதழினிகள் என்ன ஆவார்கள்? விசாரணை நாள் காலையில் சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றேன். உண்மை சொன்னால் வரி போய்விடும், அக்கா மானமும் போய்விடும். பொய் சொன்னால் எல்லாம் பத்திரம். இதழினி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மிளகை நீட்டினாள்.

"பயமா இருந்தா பிசுக்கப் போட்டுக்கோப்பா. அவன் பேசினா நமக்கு நாம யாருன்னு தெரியும்."

போட்டுக்கொண்டேன்.

குழுவின் தலைவர் மெய்யம்மை ஆச்சி, முன்னாள் நீதிபதி. கண்ணாடிக்கு மேலே பார்த்தாரென்றால் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றும். நிறுவனத்தின் சார்பில் ராகவேந்தர் என்ற இளைஞர் பேசினார். பணிவானவர், குறை சொல்ல முடியாது.

"மேடம், சோதனைன்னா கடினமா இருக்கணும். பாதியில கைய விடற கெட்டவன வச்சு பிள்ளைங்களுக்கு என்ன பயிற்சி கொடுக்க முடியும்? இது தெரியாம வந்த வரி. ஸ்கிரிப்ட்ல எங்கயும் இல்ல."

அக்கா பட்டுச் சேலையில் வந்திருந்தார். பேட்டியில் சொன்னதையே சொன்னார், இன்னும் இரண்டு சொட்டுக் கண்ணீரோடு. அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஜெயசீலன், அந்த வரி தெரிஞ்சே சேத்ததுதானா? ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க போதும்" என்றார் ஆச்சி.

காதுக்குள் பிசுக்கு வந்தான். அக்காவின் அதே பழைய குரல், அதே சளி மூக்கு.

"ஆமான்னு சொல்லுடா. ஒரே ஒரு தலையாட்டல்தானே! அக்காவுக்கும் பேரு, பிள்ளைங்களுக்கும் நல்லது. உன் தப்பு யாருக்குத் தெரியப்போகுது? இருபத்தஞ்சு வருஷம் மூடி வச்சவன், இன்னைக்கு என்ன புதுசா?"

என் தலை ஆடத் தொடங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், பாதி ஆடிவிட்டது.

"வேணாம்னா விடு, உன் இஷ்டம்."

என் இஷ்டம். அந்த இரண்டு வார்த்தை என்னைப் பிடித்து நிறுத்தியது. என் மகள் வாட்ச்மேன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அவளால் முடிந்தது எனக்கு முடியாதா?

"இல்லம்மா," என்றேன். "என் தப்பு." இருபத்தைந்து, இருபத்துநான்கு, ஆடிய வாய், நாலு மணி பஸ் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

 ராகவேந்தர் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். டாக்டர் நஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா எழுந்தார்.

"அடப்பாவி! இருபத்தஞ்சு வருஷமா என் டைமிங்தான் சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேனே! நீ பண்ண வேலையாடா அது?" மூச்சு வாங்கிக்கொண்டு ஆச்சியின் பக்கம் திரும்பினார். "அம்மா, பேட்டியில கொஞ்சம் ஏத்திச் சொல்லிட்டேன். ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. இவன் ஏதாவது போடுங்கன்னுதான் சொன்னான். என்ன போடணும்னு சொல்லல. ஒன்றரை வினாடிக்கு ஹிஹிஹின்னு சிரிச்சிருக்கலாம், அதான் வழக்கம். எனக்கு வாயில வந்தது இந்த வார்த்தை. ஒரு சின்ன முயல் கிட்ட ஒருத்தன் அவ்வளவு நேரம் வம்பு பண்ணிட்டு சும்மா போனா எனக்கு மனசு கேக்கல. அது என்னோடதுதான்."

"அது இருக்கட்டும்," என்ற ஆச்சி என்னைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஆமான்னு சொல்ல வாயெடுத்தீங்க. நான் பாத்தேன். ஏன் நிறுத்தினீங்க?"

நான் காதைத் தொட்டுக் காட்டினேன். "இவன் உன் இஷ்டம்னு சொன்னாம்மா."

"அது பேசினதெல்லாம் பதிவாகுமில்ல? போடுங்க, கேக்கலாம்."

ராகவேந்தர் மிளகை வாங்கித் தன் கருவியில் வைத்தார். ஒருமுறை பார்த்தார். மறுபடி பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"மேடம், இதுல பதிவே இல்ல. சார்ஜ் தீர்ந்து ஒன்பது நாளாச்சு. சார் காதுல எதுவும் பேசல."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. கேட்டேனே! அட்சரம் பிசகாமல் கேட்டேனே! அன்று ஐம்பத்திரண்டு பாகத்தையும் ஹெட்போனில் கேட்டவன் நான். அந்தக் குரல் எனக்குள்ளேயே தங்கியிருந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. "ஒன்பது நாளா? நல்லாப் பாருங்க தம்பி. நாலு நாள் முன்னாடி இது ஓடியிருக்கணும்."

"இல்ல சார். ஒன்பது நாளா ஆன் ஆகவே இல்ல."

நான் ஆச்சியிடம் அனுமதிகூடக் கேட்காமல் பள்ளிக்குப் போன் போட்டேன். ஒலிபெருக்கியில் போடச் சொன்னார் ஆச்சி. உணவு இடைவேளை; பிள்ளைகள் கத்தும் சத்தத்துக்கு நடுவே இதழினி வந்தாள்.

"ஏம்மா, அன்னைக்கி ஆட்டோவுல ஏற மாட்டேன்னு சொன்னியே, பிசுக்கா பேசினான்?"

"இல்லப்பா. அவன் செத்து ரொம்ப நாளாச்சு. சார்ஜ் போடல."

"ஏன் போடல?"

"தேவைப்படலப்பா. அவன் என்ன சொல்லுவான்னு எனக்கே தெரியும். உனக்கும் தெரியும்னுதான் அப்படியே குடுத்தேன். கடைசியில நான்தானே முடிவு பண்ணணும்? வச்சிடட்டா? ஊஞ்சல்ல எடம் போயிடும்."

வைத்துவிட்டாள்.

டாக்டர் நஸ்ரின் எழுந்தார்.  "மேடம், மத்த பதினாலு மொழியில கருவியக் கழட்டினதும் பிள்ளைங்க பழையபடி ஆயிடறாங்க. கழட்டின பிறகும் ஒரு பிள்ளை மாட்டேன்னு சொன்னது இதான் முதல் தடவை. அம்பத்தி மூணு வயசுல ஒரு பெரிய பிள்ளையும் இப்ப சொல்லிச்சு. இதுக்கு மேல என்ன நிரூபணம் நான் கொண்டுவர?"

ஆச்சி சிறிது நேரம் எழுதினார். பிறகு படித்தார்.

"தமிழ் வடிவில் இருக்கும் வரி கைப்பிழையால் வந்தது என்று சாட்சி சொல்லிவிட்டார். அதில் சந்தேகமில்லை. கருவி எல்லா மொழியிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைக்கு முடிவெடுக்க இடம் தராத கருவியைப் பிழையுள்ள கருவி என்று இந்தக் குழு கருதுகிறது. ஆகவே பிழை மற்ற பதினான்கு மொழிகளிலும் திருத்தப்பட வேண்டும். திருமதி பிலோமினாவின் பெயர் எல்லா வடிவங்களிலும் இடம்பெற வேண்டும்."

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டு, அதே கையால் என்னைக் கட்டிக்கொண்டார். ராகவேந்தர்கூடக் கைதட்டினார், அவருக்கும் மூன்று வயதில் ஒரு பையன் இருக்கிறானாம்.

அடுத்த மாதம் சாலிகிராமத்தில் மூடிக் கிடந்த தியேட்டர் ஒன்றைத் தூசி தட்டித் திறந்தார்கள். பதினான்கு மொழிக் கலைஞர்கள் வந்து இறங்கினார்கள். அந்தக் கடைசி வரியை எந்த இயந்திரமும் சரியாகப் பேசவில்லை, மனிதர்கள்தான் பேச வேண்டியிருந்தது. அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரையும் விரட்டினார். "கெஞ்சாதீங்க, மெரட்டாதீங்க. சும்மா விட்டுட்டுப் போங்க!" என்பதை எல்லா மொழியிலும் கையாலேயே புரியவைத்தார். வேகத்தை இருபத்துநான்கில் வைக்க, அரசாங்கச் செலவில் என்னை அமர்த்தியிருந்தார்கள். இந்தத் தடவை தெரிந்தே வைத்தேன்.

முதல் நாள் கிளம்பும்போது இதழினியைக் கூப்பிட்டேன். அப்பாவுக்குச் சால்வை போடப் போகிறார்கள், அமைச்சர் வருகிறார், டிவி வருகிறது, புதுப் பாவாடை எடுத்து வைத்திருக்கிறது.

அவள் பாவாடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றரை வினாடி யோசித்திருப்பாள்.

"வேணாம்பா. எனக்கு இன்னைக்கி மேட்ச் இருக்கு. நீ போய்ட்டு வா."

என் மகள் என் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் தெருமுனை வரை விசிலடித்துக்கொண்டே போனேன்.